ஆண்டு மலரில் பிள்ளையின் பெயரும் தரமும்: மொரிசியஸின் பன்னாட்டுப் பள்ளி ரெக்டர்களுக்கும் மலர்க் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரெக்டர் அவர்களுக்கும், ஆண்டு மலரைத் தொகுக்கும் ஆசிரியர், மாணவர், வடிவமைப்பாளர் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி ஆண்டு முடியப்போகிறது. மலருக்கான படங்களும் பட்டியல்களும் சேரத் தொடங்கியிருக்கும். அந்த மலர் வீட்டுக்கு வந்ததும் தாத்தா பாட்டி வரை கை மாறும், பேழைக்குள் போய் முப்பது வருஷம் கிடக்கும். அதில் இரண்டு பக்கங்களைப் பற்றியே இந்த மடல். ஒன்று தேர்வு முடிவுகளும் விருதுகளும் வரும் பக்கம். மற்றது தமிழ் எழுத்து வரும் பக்கம். இரண்டிலும் ஆண்டுதோறும் நேர்வது ஒரே வகைப் பிழைதான்: பிள்ளை செய்தது ஒன்று, அச்சில் நிற்பது வேறொன்று.

எண்களிலிருந்து தொடங்குகிறோம். இந்தத் தீவில் ஸ்கூல் சர்டிஃபிகேட் என்ற பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி வளர்ந்தவர்களுக்கு 1 என்பதே உச்சம். 1, 2 டிஸ்டிங்ஷன், 3 முதல் 6 வரை கிரெடிட், 7, 8 வெறும் பாஸ், 9 ஃபெயில். ஆறு பாடத்திலும் 1 வாங்கினால் கூட்டுத்தொகை 6. அதைவிட நல்ல எண் கிடையாது. பன்னாட்டுப் பள்ளிகளின் இறுதிப் படிப்பான ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) டிப்ளோமாவிலோ ஒரு பாடத்துக்கு 7தான் உச்சம். பதினாறு வயதுவாக்கில் எழுதும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வில் 9 முதல் 1 வரை தரமிடும் தாள்களும் உண்டு, அங்கே 9 உச்சம். ஆக, "கணக்கில் 7" என்று மலரில் மொட்டையாகப் போட்டால் பேத்தி தட்டுத்தடுமாறித் தேறியிருக்கிறாள் என்று பாட்டி நினைப்பார். "9" என்று போட்டால் மலரை மூடி வைத்துவிடுவார். பட்டியலின் தலையில் ஒரே ஒரு வரி போதும்: எந்தத் தேர்வு, எந்த மாத அமர்வு, எது உச்சத் தரம்.

ஐ.பி. என்றால் அந்த வரி இப்படி இருக்கலாம்: ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 7 வீதம் 42, அறிவுக் கோட்பாடு என்ற பாடமும் 4,000 சொல் வரையிலான நீள்கட்டுரையும் சேர்ந்து அதிகபட்சம் 3, மொத்தம் 45. டிப்ளோமாவுக்குக் குறைந்தது 24 வேண்டும், அதோடு வேறு நிபந்தனைகளும் உண்டு. சேவை, விளையாட்டு, கலைச் செயல்பாடுகளுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் அவற்றை முடிக்காவிட்டால் 40 வாங்கியவருக்கும் டிப்ளோமா இல்லை. இதைத் தெரிந்துகொண்டால்தான் 31 வாங்கிய பிள்ளையின் உழைப்பு பெற்றோருக்குப் புரியும்.

அடுத்தது சராசரி. சிறிய வகுப்பில் சராசரி எளிதில் ஏமாற்றும். 12 பேர் எழுதி சராசரி 33 என்றால் கூட்டுத்தொகை 396. அதில் ஒருவர் 45 வாங்கியிருந்தால், அவரை எடுத்துவிட்டுப் பாருங்கள்: மிச்சம் 11 பேருக்கு 351, அதாவது 31.9. ஒரே பிள்ளை வகுப்பின் எண்ணை ஒரு புள்ளிக்கு மேல் தூக்கிவிட்டது. அடுத்த வருஷம் அப்படி ஒருவர் இல்லையென்றால் பள்ளி சரிந்துவிட்டதாகப் பேச்சு வரும். எத்தனை பேர் எழுதினார்கள், நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்கினார் என்பதைச் சராசரிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். "நூறு சதவீதத் தேர்ச்சி" என்பதும் இப்படித்தான். 15 பேர் வகுப்பில் 12 பேர் மட்டும் முழு டிப்ளோமாவுக்குப் பதிந்து, மீதி மூவர் தனித்தனிப் பாடமாக எழுதியிருந்தால், அந்த நூறு 12 பேருக்கு உரியது. மூன்று பிள்ளைகளும் அவர்களுடைய பாடத் தரங்களும் பட்டியலில் இல்லாமல் போவது சரியல்ல. அவர்களும் உங்கள் பிள்ளைகள்தானே.

பல்கலைக்கழக இடங்களை எண்ணும்போது பிள்ளைகளை எண்ணுங்கள், கடிதங்களை எண்ணாதீர்கள். பிரிட்டனுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக விண்ணப்பிப்பவர் ஐந்து தெரிவுகள் வைக்கலாம், மருத்துவத்துக்கு நான்கு. பத்துப் பேர் சேர்ந்தாலே ஐம்பது அழைப்புகள் வரை வரக்கூடும். "ஐம்பது இடங்கள்" என்ற தலைப்பு உண்மையில் பத்துப் பேரின் கதை. நிபந்தனையோடு வந்த அழைப்பு, நிபந்தனையில்லாத அழைப்பு, சேர்ந்துவிட்ட இடம் மூன்றும் வேறுவேறு. ஆசிரியர் முன்கூட்டிச் சொன்ன உத்தேசத் தரத்தை முடிவு போல அச்சிடவே கூடாது. ஆண்டு இறுதித் தேர்வு எழுதும் வகுப்புக்கு மலர் அச்சேறும் நேரத்தில் முடிவே வந்திருக்காது. இடத்தை நிரப்ப உத்தேசத் தரத்தைப் போட்டுவிட்டு, பிறகு முடிவு குறைந்து வந்தால் அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? அந்த வகுப்புக்கு "முடிவுகள் வந்ததும் தனி இதழாக வரும்" என்று எழுதி, சொன்னபடி தனி இதழ் போடுங்கள். முடிவு வந்த பிறகும் மறுமதிப்பீட்டில் தரம் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். ஆகவே பட்டியலின் அடியில் எந்தத் தேதி நிலவரம் என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

விருதுகளுக்கு வினைச்சொல் முக்கியம். எடின்பரோ கோமகன் பெயரிலான இளையோர் விருது போட்டி அல்ல. சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் ஆகிய பகுதிகளைக் குறித்த காலம் செய்து முடித்தவர் எல்லோருக்கும் அது உண்டு. தங்க நிலைக்கு வெளியில் தங்கிச் செய்யும் திட்டமும் சேரும், பயணம் மட்டுமே நான்கு பகல் மூன்று இரவு. "வென்றார்" என்று எழுதினால் யாரையோ தோற்கடித்தது போல் ஆகிறது. "நிறைவு செய்தார்" என்று எழுதி, எந்த நிலை, எந்தச் சேவை என்று சேர்த்தால் அதுவே பெருமை. கேம்பிரிட்ஜ் தரும் "நாட்டில் முதலிடம்" விருது ஒரு பாடத்துக்கு உரியது. பாடத்தின் பெயரையும், ஓ லெவலா ஐ.ஜி.சி.எஸ்.இ.யா ஏ லெவலா என்பதையும் விட்டுவிட்டு "நாட்டிலேயே முதல் மாணவி" என்று போடுவது அந்த மாணவிக்கே சங்கடம்.

தமிழ்ப் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு குறை நெடுநாளாக இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் தமிழைத் தொடக்க நிலையிலிருந்து ஹெச்.எஸ்.சி. எனும் பள்ளி இறுதித் தேர்வு வரை பாடமாக எடுக்கலாம். பன்னாட்டுப் பள்ளியில் தமிழ் பாடமாக இல்லாவிட்டால் பிள்ளை சனிக்கிழமை வகுப்பிலோ கோவில் பள்ளியிலோ படித்துத் தனித் தேர்வராக எழுதுகிறது. அந்த முடிவு உங்கள் அலுவலகத்துக்கு வருவதில்லை, மலரிலும் வருவதில்லை. நீச்சலும் பியானோவும் வெளியில் கற்றவைதான், அவை வருகின்றன. ஆண்டின் கடைசித் தவணையில் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் "பள்ளிக்கு வெளியே எழுதிய மொழித் தேர்வுகள்" என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். ஐ.பி. பள்ளிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. தன் மொழிக்கு ஆசிரியர் இல்லாத மாணவர் பள்ளியின் துணையோடு தானே படித்து, அந்த மொழி இலக்கியத்தை முதல் மொழியாக, ஸ்டாண்டர்டு நிலையில் எழுதலாம். குறிப்பிட்ட அமர்வில் தமிழ் கிடைக்குமா என்பதை ஒருங்கிணைப்பாளர் படிப்பு தொடங்குமுன்பே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். கடைசி வருஷத்தில் கேட்டால் காலம் கடந்துவிடும். ஆங்கிலத்தையும் தமிழையும் இப்படி முதல் மொழிகளாக எழுதி இரண்டிலும் 3 அல்லது அதற்கு மேல் எடுத்து டிப்ளோமா பெறுபவருக்கு அது இருமொழி டிப்ளோமாவாகக் கிடைக்கும். அப்படி ஒருவர் இருந்தால் மலரில் அது தனிச் செய்தியாக வரவேண்டும்.

இனி எழுத்து. எங்கள் மனம் அதிகம் நோவது இங்கேதான்.

இந்த நாட்டுத் தமிழ்ப் பெயர்களை அக்காலக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி, பிரெஞ்சு வாடையோடு ரோமன் எழுத்தில் பதிந்தார்கள். அந்தப் பதிவிலிருந்து கணினி தானாகத் தமிழுக்கு மாற்றினால் முருகன் "மூர்கென்" ஆகிறார், ஆறுமுகம் "அர்மூகம்" ஆகிறார், கணபதி "கனபாடி" ஆகிறார். ரோமன் எழுத்தில் ல, ள, ழ வேறுபாடு இல்லை. ன, ண இல்லை. குறில் நெடிலும் பெரும்பாலும் இல்லை. மலர்விழி "மலர்விலி" என்று வருவது அதனால்தான். வழி எளிது. பெயர்ச் சீட்டில் ரோமன் எழுத்துக்குப் பக்கத்தில் தமிழில் எழுத ஒரு கட்டம் வையுங்கள். வீட்டில் கிரியோல் பேசி, தமிழ் எழுத வராத குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவர்களிடம் பெயரைச் சொல்லி ஒரு குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள், தமிழாசிரியர் கேட்டு எழுதித் தருவார். ஒரு குடும்பம் பிரெஞ்சு ஒலிப்பிலேயே தன் பெயர் வரவேண்டும் என்று சொன்னால் அப்படியே போடுங்கள், பெயர் அவர்களுடையது.

சரியாக எழுதி வாங்கிய பெயரும் பக்கம் கட்டும்போது உடைகிறது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, பழைய எழுத்துரு. பாமினி போன்றவை ரோமன் எழுத்துகளின் மேல் தமிழ் உருவை ஏற்றியவை. பாமினியில் தட்டிய "தமிழ்" என்ற சொல்லை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் நான்கு ரோமன் எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். புள்ளி இருக்கும் விசை அரைப்புள்ளியின் விசை. வந்த கோப்பு யூனிகோடில் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு வரியை வெட்டி வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் யூனிகோடு. தெரியாவிட்டால் மாற்றிக் கொடுக்கும்படி அனுப்பியவரிடமே கேளுங்கள்.

இரண்டு, கொம்பு இடம் மாறுவது. கணினி "தே" என்பதை முதலில் த, பிறகு இரட்டைக்கொம்பு என்ற வரிசையில் வைத்திருக்கிறது. கொம்பை இடப்பக்கம் நகர்த்துவது பக்கம் கட்டும் மென்பொருளின் வேலை. அது தமிழை அறியாத அமைப்பில் இருந்தால் கொம்பு நகராது: தேவி என்ற பெயரில் இரட்டைக்கொம்பு த-வை விட்டு வி-யின் முன்னால் போய் நிற்கும். மொரிசியஸ் என்ற நம் நாட்டின் பெயரே முதல் எழுத்தில் உடையும். ம தனியாக நிற்க, கொம்பும் காலும் அதன் வலப்பக்கம் ஒட்டிக்கிடக்கும். பக்கம் கட்டும் இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்புப் பட்டியலுக்குப் போய் "வேர்ல்டு-ரெடி பேரகிராஃப் கம்போசர்" என்பதைத் தேர்ந்தால் கொம்பு தன் இடத்துக்கு வரும். பத்தி நடையிலேயே (பேரகிராஃப் ஸ்டைல்) அதைச் சேமித்துவிடுங்கள். ஒரு பெட்டியில் சரிசெய்து அடுத்த பெட்டியில் மறப்பது வழக்கமாக நடக்கிறது. படங்களின் கீழ்வரும் பெயர்கள் தனிப் பெட்டிகள், ஆகவே அங்கேதான் அதிகம் உடையும்.

மூன்று, பிடிஎஃப்பிலிருந்து வெட்டி ஒட்டுவது. பார்வைக்குச் சரியாக இருக்கும் பிடிஎஃப்பில் உள்ளிருக்கும் எழுத்து வரிசை கலைந்திருக்கலாம். ஒட்டும்போது கொம்பும் புள்ளியும் சிதறும். மூலத்தை வேர்டு கோப்பாகவே வாங்குங்கள். பெயர்ப் பட்டியலை எக்செல் கோப்பாகவே வைத்திருங்கள். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

சின்னப் பிழைகளும் உண்டு. கௌரி என்பதில் வரும் ஔகாரக் குறிக்குப் பதில் ள-வைத் தட்டினால் தாளில் வித்தியாசம் தெரியாது. ஆனால் இணையத்தில் ஏற்றிய மலரில் அந்தப் பிள்ளையின் பெயரைத் தேடினால் கிடைக்காது. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவை மென்பொருள் வலிந்து தடிக்கவைத்தால் ண, ணை இவற்றின் சுழிகள் மை அடைத்துப்போகும். எழுத்திடைவெளியை அலங்காரத்துக்காகக் கூட்டினால் கொம்பு தன் எழுத்தை விட்டுப் பிரியும். வரி முடிவில் சொல்லை வெட்ட நேர்ந்தால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. பிரெஞ்சுப் பத்திக்கு வைத்த வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. 10 புள்ளி எழுத்துக்கு 15 புள்ளி கொடுங்கள், மேலே விசிறியும் கீழே சுழியும் முட்டாமல் இருக்கும்.

1998இல் ரூபாய் நோட்டில் மொழிகளின் வரிசையில் தமிழின் இடம் மாறியபோது எதிர்ப்பு எழுந்து அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்ட நாடு இது. பள்ளி மலரில் ஒரு பிள்ளையின் பெயர் உடைந்து வந்தால் எவரும் ஊர்வலம் போவதில்லை. வீட்டில் ஒருவர் பார்த்துப் பேசாமல் பக்கத்தைத் திருப்புவார், அவ்வளவுதான்.

ஒப்புதலையும் மறக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பெயர், படம், தரம் மூன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். படத்துக்குச் சம்மதித்துத் தரம் வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் கோரிக்கை இவ்வளவே. அச்சகத்துக்குப் போகுமுன் தமிழ் வரும் எல்லாப் பக்கங்களையும், படக்குறிப்புகள் உட்பட, காகிதத்தில் அச்சடித்துத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் இரண்டு வேலை நாள் கொடுங்கள். கைபேசித் திரையில் பார்ப்பது போதாது. பார்த்து முடித்ததும் பிடிஎஃப்பின் பண்புகளில் எழுத்துரு உட்பொதிந்திருக்கிறதா என்று சரிபார்த்து அனுப்புங்கள். அதன் பிறகு ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்தப் பக்கத்தை மறுபடி அச்சடித்துப் பாருங்கள். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், கீழே உள்ள வரியைத் தன் பக்கத்தில் ஒட்டி, இந்தத் தாளில் இருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள். இது சரியாக வந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாகவே வரும்:

மொரிசியஸ், தேவி, கௌரி, ஸ்ரீதர், லக்ஷ்மி, மலர்விழி, அண்ணாமலை, ஔவை.

இப்படிக்கு,
தமிழ் கற்பிப்போரும் மலர்களின் தமிழ்ப் பக்கங்களைத் திருத்துவோரும்,
மொரிசியஸ்