கதவுத் தெய்வங்களை நேருக்கு நேர் நிறுத்துங்கள்

சீன நாட்டுப்புறக் கலைக் கண்காட்சியின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நேரில் சொல்லியாயிற்று, கருத்துப் புத்தகத்தில் எழுதியாயிற்று, மின்னஞ்சலும் அனுப்பியாயிற்று. ‘பரிசீலிக்கிறோம்’ என்று ஒரு வரி வந்தது, அப்புறம் பேச்சில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். தீய ஆவிகள் நுழையாமல் காக்கச் சீனர்கள் வாசற்கதவின் இரு பலகைகளிலும் சோடியாக ஒட்டும் காவல் தெய்வப் படங்கள்தான் கதவுத் தெய்வங்கள். உங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படங்கள் இரண்டும் இடம் மாறித் தொங்குகின்றன. ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தயவுசெய்து மாற்றி மாட்டுங்கள்.

போன வாரம் அங்கே ஒரு சீனப் பாட்டி பேரனோடு வந்திருந்தார். படங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் வெளிப்பக்கமாகத் திருப்பிக் காட்டினார், பிறகு ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பினார். ‘இப்படி இருக்க வேண்டும்’ என்று காவலரிடம் பல தடவை செய்து காட்டினார். காவலருக்கு மொழி புரியவில்லை. கயிற்றைத் தாண்டி வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை, அவர் வேலை அது. அந்தப் பாட்டியின் அப்பா புத்தாண்டுக்கு முன்னால் கதவைக் கழுவி, பழைய தாளைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தன் கையாலேயே புதுப்படம் ஒட்டுவாராம். பேரன்தான் எனக்கு எடுத்துச் சொன்னான். பாட்டி மீதிக் கண்காட்சியைப் பார்க்காமலே போய்விட்டார். யாருடைய வீட்டு வழக்கத்தை நீங்கள் காட்சிக்கு வைத்தீர்களோ, அவரே திருத்தம் சொல்ல ஆளில்லாமல் திரும்பிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஒத்துப்போகாத இருவரைப் பார்த்தால் ‘மாற்றி ஒட்டிய கதவுத் தெய்வங்கள்’ என்று சீனர்கள் சொலவடையே வைத்திருக்கிறார்கள். உங்கள் படங்களில் வெளுத்த முகத்தோடு இரட்டைத் தண்டு ஏந்தியவர் சின் ஷுபாவ். கறுத்த முகமும் முறுக்கிய தாடியுமாக, மூங்கில்போல் கணுக்கணுவான இரும்புத் தண்டு பிடித்தவர் யூச்சி கோங். இருவரும் சீனாவை ஆண்ட தாங் வமிசப் பேரரசர் தைசோங்கின் நிஜத் தளபதிகள். 643-ல் பேரரசர் லிங்யான் மண்டபத்தில் ஓவியர் யான் லிபெனைக் கொண்டு வரையச் செய்த 24 பேரில் இவர்களும் உண்டு. ஆவிகளின் தொல்லையால் தூக்கமிழந்த பேரரசருக்காக இருவரும் விடிய விடிய வாசலில் நின்றார்களாம். அவர்கள் படும் பாட்டைக் கண்டு மனமிரங்கிய அவர், உருவங்களை வரைந்து கதவில் ஒட்டச் சொன்னாராம். அதற்கும் வெகு முன்பே, தீய ஆவிகளை நாணற்கயிற்றால் கட்டிப் புலிக்கு இரையாகப் போட்டதாகப் பழங்கதை சொல்லும் ஷென்ஷுவும் யூலுவும் வாசல் காத்தார்கள். அவர்களும் சோடிதான்.

இவ்வளவும் இருக்க, உங்கள் குறிப்பட்டையில் ‘இரு போர்வீரர்கள், மர அச்சு, காகிதம்’ என்று மட்டுமே இருக்கிறது. பெயர்கூட இல்லை. கூடத்தை விட்டு வெளியே வந்தால் விற்பனைக் கடையில் யூச்சி கோங் மட்டும் தனியாகச் சாவிக்கொத்தில் தொங்குகிறார்.

அரண்மனைப் பீங்கானுக்கு இப்படிச் செய்வீர்களா? நாட்டுப்புறக் கலை என்றாலே எப்படி மாட்டினாலும் போதும் என்ற எண்ணம் பல இடங்களில் இருக்கிறது. கைஃபெங் அருகே ஜூசியென்ஜென்னில் இன்றும் வண்ணத்துக்கு ஒரு மரக்கட்டையாகச் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிடுகிறார்கள். ஆண்டுதோறும் கிழித்துப் புதுப்பிக்கிற பொருள் என்பதால் பழைய தாள் பிழைப்பதே அபூர்வம். உங்களிடம் அது சோடியாகவே இருக்கிறது. துவாரபாலகர்களை இடம் மாற்றி வைத்தால் நம் சிங்கப்பூர்க் கோயில் எதிலாவது ஒரு நாள் பொறுப்பார்களா? தெலுக் ஆயரில் நாகூர் தர்காவும் தியான் ஹொக் கெங் கோயிலும் ஒரே தெருவில் இருக்கின்றன. அடுத்தவர் வாசலைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இதைத் தமிழன் ஏன் கேட்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கூடம் மூடியிருக்கும் நாளில் அரை மணி நேர வேலை இது. இரண்டு படங்களையும் நேருக்கு நேர் பார்க்கும்படி மாட்டுங்கள். பெயர்களைக் குறிப்பட்டையில் சேருங்கள். முடிந்தால் வெறுஞ்சுவரில் இல்லாமல் ஒரு கதவின் இரு பலகைகளில் பொருத்துங்கள். சீனப் புத்தாண்டுக்கு முன் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூடத்துக்கு அடிக்கடி வரும் ஒரு பார்வையாளர்