பார்சல் மட்டையிலை கிடந்த பேர்

அன்பு மகளுக்கு,

அம்மாவுக்கு நீ அனுப்பின பார்சல் திங்கட்கிழமை வந்தது. சால்வை நல்ல நிறம். கோயிலுக்கும் போர்த்துக்கொண்டு போட்டு வந்திட்டா. பெட்டியை எறியேக்கை, அனுப்பினவர் பேர் எழுதியிருந்த பக்கத்தை மட்டும் நான் வெட்டி எடுத்து வைச்சிருக்கிறன். உன்ர கையெழுத்துத்தான். உன்ர பேருக்குப் பின்னாலை யான்சன் எண்டு மட்டும் கிடந்தது.

நான் ஒண்டும் கேக்கேல்லை. பாஸ்போர்ட், வங்கி அட்டை, காப்புறுதி எல்லாத்திலையும் ஒரே மாதிரி இருக்கோ எண்டு எழுத்து எழுத்தாப் பார்.

பென்சன் எடுத்த பிறகு எனக்கு நூலகம்தானே. அந்தப் பேரைத் தேடிப் படிச்சன். மருமோன்ர பக்கம், ஜேர்மனியின்ர வடமேற்கிலை லேர், எம்டன், அந்தக் கிழக்குப் பிரீஸ்லாந்துச் சனத்திலை கனபேருக்கு முந்தி நிலையான குடும்பப் பேரே இல்லை. தகப்பன்ர பேர்தான். யோகான்னஸ் சுருங்கினால் யான். ஹார்மின்ர மகன் யான் எண்டால் அவர் யான் ஹார்ம்ஸ். அவற்றை மகன் ஹார்ம் யான்சன். பேரன் திரும்ப ஹார்ம்ஸ். நாங்கள் தகப்பன் பேரை முன்னாலை போடுறம், அவை பின்னாலை. பழந்தமிழிலை யான் எண்டால் நான்தானே எண்டு அம்மாவுக்குச் சொன்னன். அவ சிரிக்கேல்லை.

1811இலை நெப்போலியன்ர ஆட்சி, எல்லாரும் ஒரு பேரைப் பதிஞ்சு அதையே வைச்சிருக்கவேணும் எண்டு கட்டளை போட்டது. பிறகும் கனகாலம் சனம் பழையபடிதான் பேர் வைச்சது. கடைசியிலை ஏதோ ஒரு யானோடை அந்தப் பேர் உறைஞ்சு போச்சு. எந்த யான் எண்டு மருமோன் வீட்டிலை ஆருக்கும் தெரியுமோ, கேட்டுப் பார்.

2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் பேர்ச் சட்டத்திலை அந்தப் பிரீஸ்லாந்துச் சனத்துக்குப் பழைய முறையைத் திரும்பக் குடுத்திருக்கு. கலியாணம் கட்டினவை ரெண்டு குடும்பப் பேரையும் சேர்த்து வைக்கலாம், நடுவிலை கோடும் தேவையில்லை. தெரியட்டும் எண்டு எழுதிறன். நீங்கள் எப்ப பதிஞ்சனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை.

உன்ர டொக்டர் சான்றிதழ் எங்கட சுவரிலைதான் தொங்குது. அதிலை எங்கட பேர் கிடக்கு. படிக்கேக்கை அது உனக்குப் பாரமாய் இருக்கேல்லைத்தானே.

ஆனால் எங்கட பேர் எண்டு நான் சொல்லக்கூடாது. 1985இலை ஜேர்மனிக்கு வந்து பதியேக்கை, அந்த மேசையிலை குடும்பப் பேர் என்ன எண்டு கேட்டவை. எங்களுக்கு அப்பிடி ஒண்டு இல்லை எண்டு சொல்ல எனக்குப் பாசை தெரியாது. தகப்பன் பேரைப் போடுறதோ எண்டு மொழிபெயர்த்தவர் கேட்டார். ஐயாவின்ர பேர் நீளம். பின்னாலை வரிசை நிக்குது. வேண்டாம் எண்டு நான்தான் தலையை ஆட்டினன், ஒருத்தரும் நெருக்கேல்லை. என்ர பேரையே நடுவிலை பிரிச்சு முன்பேரும் குடும்பப் பேருமாய்ப் போட்டினம். நீ இவ்வளவு காலம் சுமந்தது அந்தப் பின்பாதி.

1987இலை ஐயா எழுதினார்: "தம்பி, கடித உறையிலை என்ர இனிசலைக் காணேல்லை. பேனை மை முடிஞ்சுதோ?" காசு அனுப்பினது, குளிர், வேலை எல்லாம் பதிலிலை எழுதினன். அதுக்கு மட்டும் எழுதேல்லை. பிறகு எழுத ஐயா இல்லை.

அந்தக் கடிதம் அலுமாரியிலை, உன்ர பார்சல் மட்டையோடை கிடக்கு. ஈஸ்டருக்கு ரெண்டுபேரும் வாங்கோ. நான் வாசிக்கிறன், நீ மருமோனுக்கு ஜேர்மனிலை சொல்லு.

வங்கி அட்டையைப் பார்க்க மறக்காதை.

அப்பா