பந்தயக் களத்தில் காலியாகக் கிடக்கும் இருக்கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார், பைக் பந்தயங்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எப்போதாவது வரும் செய்தி, வென்றவரின் பெயரோடும் நேரத்தோடும் முடிந்துவிடுகிறது. அந்தப் பந்தயத்தை எத்தனை பேர் நேரில் பார்த்தார்கள் என்ற பேச்சே அதில் இருப்பதில்லை. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கடையில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவன் நான். கோவையிலோ சென்னையிலோ பந்தயம் என்று காதில் விழுந்தால், பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை இரவே பஸ் ஏறிவிடுவேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

1980களின் தொடக்கத்தில் என் தந்தையார் கன்டோன்மென்ட் நிலையத்தில் இரவு ரயிலேற்றி என்னைச் சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்துக்குப் பந்தயம் பார்க்க அழைத்துச் சென்றார். அது உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம்; நிழலும் இல்லை, வசதியும் இல்லை. ஆனாலும் நிற்க இடமில்லாத கூட்டம். பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீள நிரந்தரக் களமும், 2003இல் கோவை செட்டிபாளையத்தில் பந்தய ஓட்டுநர் கரிவரதன் பெயரில் அதைவிடச் சிறிய களமும் வந்தன. களங்கள் மேம்பட்டன, கூட்டம் கரைந்தது. கிரிக்கெட்டும் தொலைக்காட்சியும்தான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.

சென்ற ஆண்டு நான் போயிருந்த ஒரு போட்டியில் (இடம் எது என்பது இங்கே தேவையில்லை) மூன்றாவது சுற்றுக்குள் முன்னணிக் கார்கள் கடைசிக் கார்களை எட்டிப் பிடித்துவிட்டன. அதற்குப் பின் முதலில் ஓடுவது யார் என்று எங்கள் வரிசையில் ஒருவருக்கும் தெரியவில்லை. வண்டி எண்கள் விளம்பர ஒட்டிகளுக்கு நடுவே புதைந்திருந்தன. ஒலிபெருக்கியில் வந்த ஆங்கில வர்ணனை எஞ்சின் இரைச்சலில் கரைந்தது. ஒவ்வொரு வண்டியிலும் பொருத்தியிருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்னும் சிறு சமிக்ஞைக் கருவி கோட்டைக் கடக்கும் நொடியிலேயே நேரமும் வரிசையும் கணினிக்குப் போய்விடுகின்றன. அந்தக் கணக்குதான் அதிகாரிகளின் அறையை விட்டு வெளியே வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த பந்தயத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இரு பிள்ளைகளோடு வந்திருந்த குடும்பம் அதற்குள் எழுந்து போய்விட்டது.

இதற்கு நேர்மாறானது கொங்கு நாட்டு ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயம். 200 மீட்டர், 300 மீட்டர்தான் ஓட்டம். ஆனால் காளைகள் எந்த ஊர், யாருடையவை, எத்தனை நொடியில் ஓடின என்பதெல்லாம் ஒலிபெருக்கியில் தமிழில் வந்துகொண்டே இருக்கும். 2023 நவம்பரில் நம் அரண்மனை மைதானத்துக்கே வந்த கம்பளா என்னும் கடலோரக் கர்நாடக எருமைப் பந்தயத்திலும் இதைத்தான் கண்டேன். துளு தெரியாத நானும் என் நண்பர்களும் அரை மணி நேரத்தில் ஓர் எருமை ஜோடியை எங்களுடையதாக்கிக்கொண்டு கத்தத் தொடங்கிவிட்டோம்.

அமெரிக்காவில் ஷார்ட் டிராக் எனப்படும் சிறு வட்டக் களங்கள் ஒரு மைலுக்கும் குறைந்த நீளமுடையவை. வட கரோலினாவின் பௌமன் கிரே அரங்கில் கால்பந்து மைதானத்தைச் சுற்றியே கால் மைல் தடம் ஓடுகிறது. 1949 முதல் அங்கே கோடைக்கால வாரயிறுதிகளில் பந்தயம் நடக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே முழுத் தடமும் தெரியும். ஓட்டுபவர்களில் பலர் வார நாட்களில் வேறு வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்கள். இத்தகைய களங்களில் சில நேரம் வேகமானவர்களைப் பின்வரிசையில் நிறுத்தித் தொடங்குவார்கள். முதலிடத்தில் தொடங்கியவர் முதலிடத்திலேயே முடிக்கும் சலிப்பு அதனால் குறைகிறது. செட்டிபாளையக் களம் அவ்வளவு சிறியதன்று என்றாலும், சுமார் 2 கிலோமீட்டர் நீளமே உள்ள தடம் என்பதால் வண்டிகள் அடிக்கடி கண்ணெதிரே வருகின்றன. இந்த அனுகூலத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

நுழைவுச் சீட்டை இலவசமாக்கினால் போதும் என்ற யோசனை எனக்கு உவப்பானதன்று. இலவசமாக வந்தவரும் ஒன்றும் புரியாவிட்டால் எழுந்துதான் போவார். வரிசையையும் நேரத்தையும் காட்டும் பெரிய மின்பலகை, தமிழில் வர்ணனை, தொலைவிலிருந்தும் படிக்கக்கூடிய எண்கள், ஓட்டுநரின் பெயரோடு அவருடைய ஊர் ஆகியவை முதலில் வேண்டும். இடைவேளையில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிட் பகுதிக்குள் மக்களை அழைத்துச் சென்று வண்டியைத் திறந்து காட்டலாம். நம் நாட்டுப் பந்தயங்களில் ஓடும் ஃபார்முலா எல்ஜிபி என்னும் ஒற்றை இருக்கைக் கார்களில் இருப்பது மாருதியில் ஓடிய அதே வகை 1,300 சிசி எஞ்சின்தான். சிவாஜிநகரிலும் ஓசூரிலும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களை இதுவரை யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை. கூரை, குடிநீர், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை ஆகியவை இருந்தே ஆக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கொளியில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்தபோது, அதுவரை பந்தயமே பார்த்திராத பலர் அங்கே வந்தனர். அவர்களை அடுத்த போட்டிக்கு அழைத்துவர என்ன ஏற்பாடு இருந்தது என்று அமைப்பாளர்களைக் கேட்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பந்தயம் நடக்கவிருக்கும் வாரத்தில், வியாழக்கிழமை இதழிலேயே நேர அட்டவணையையும், பங்கேற்கும் பெங்களூரு, ஓசூர் ஓட்டுநர்களின் பெயர்களையும் நான்கு வரிகளில் வெளியிடுங்கள். எங்கள் கடைத்தெருவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களைச் சேர்க்க எனக்கு ஒரு நாள் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு