கடிகார முள்ளும் கவனிக்கப்படாத ஒப்பந்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மனித குலம் பேரழிவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று காட்ட, அணு விஞ்ஞானிகளின் 'புல்லட்டின்' இதழ் வைத்திருக்கும் அடையாளக் கடிகாரம்தான் டூம்ஸ்டே கடிகாரம்; அதில் நள்ளிரவு என்றால் பேரழிவு. அதன் முள் நகர்ந்தால் உடனே தலைப்புச் செய்தி ஆகிறது. படிப்பவர்களோ "வருஷா வருஷம் இதையேதான் சொல்கிறார்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. 1947-இல் நள்ளிரவுக்கு 7 நிமிடம் என்று அது தொடங்கியதே, அந்த இதழின் அட்டைப்படம் வரைந்த ஓவியர் மார்ட்டில் லாங்ஸ்டார்ஃபின் கண்ணுக்கு முள் அங்கே இருப்பது நன்றாகப் பட்டதால்தான். 1962 அக்டோபரில், கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது முள் அசையவே இல்லை. 2025-இல் 90 விநாடி 89 ஆனது. அந்த ஒரு விநாடியில் ஆபத்து எவ்வளவு கூடியது என்று யாரால் சொல்ல முடியும்? வல்லுநர்கள் கூடிப் பேசி எடுக்கும் முடிவு அது.

சரி, அதற்காக அணு ஆபத்தே பொய்யாகிவிடுமா? 1991-இல் முள் 17 நிமிடத்துக்குப் பின்வாங்கியது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணு ஆயுதங்களைக் குறைக்கும் ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அதற்கு முக்கியக் காரணம். அதன் வழிவந்த நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் தன் பங்கேற்பை 2023-இல் ரஷ்யா நிறுத்திவைத்தது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? முள்ளுக்குத் தரும் இடத்தில் பாதியையாவது இந்த ஒப்பந்தங்களுக்குக் கொடுங்கள்.

– ஒரு வாசகர்