முதலில் சூடு, அப்புறம்தான் பால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்துவிட்டால், "நம்ம மதுரையில ஏது சார் குளிரு?" என்ற பேச்சைக் கேட்காமல் இருக்க முடியாது. கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாடிப்பட்டியில் என் வீட்டுக்கு இன்றும் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சொல்வதும் அதையேதான்.

விடிகாலையில் 20 டிகிரிக்கு இறங்கினால் நமக்கு ஒரு துண்டு போதும். பிறந்து ஒரு வாரமே ஆன குட்டிக்கோ சுற்றிலும் 30 டிகிரியாவது வேண்டும். அந்த வயதில் அதற்கு நடுங்கக்கூட வராது. "நடுங்கலையே, நல்லாத்தானே தூங்குது" என்று விட்டுவிடுகிறார்கள். பல நேரம் அது தூக்கமில்லை, மயக்கம்.

சமீபத்தில் ஒரு அம்மா, தெருவோரம் கிடந்ததென்று கண் திறக்காத குட்டி ஒன்றைச் செருப்புப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வாய்க்குள் விரல் விட்டால் சில்லென்றிருந்தது. பாவப்பட்டுப் பாலாடையில் பசும்பால் புகட்டியிருக்கிறார். அது மூக்கு வழியே நுரையாக வந்துகொண்டிருந்தது. உடனே மருந்தகத்துக்கு அனுப்பியும் பலனில்லை. உடம்பு சில்லிட்ட குட்டிக்குக் குடல் ஓடாது, விழுங்கத் தெம்பிருக்காது. பால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அடுப்போரம் வைத்து வாட்டக் கூடாது. உடம்பு வெதுவெதுப்பான பிறகுதான் பால். அதுவும் நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடர் நல்லது. வெறும் பசும்பால் பேதியில் கொண்டுபோய் விடும்.

குளிர் காற்றில் வருவதைவிடத் தரையிலிருந்து ஏறுவதுதான் அதிகம். டைல்ஸ் தரையில் ஒற்றைத் துணியை விரித்துப் படுக்க வைப்பது சும்மா கணக்குக்குத்தான். சணல் சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள், மூத்திரத்தில் நனைந்தால் உடனே மாற்றுங்கள். பொங்கலுக்குச் சுத்தம் செய்கிறோம் என்று குட்டியையும் சேர்த்துக் குளிப்பாட்டுகிறவர்களை என்ன சொல்ல!

தாயும் கூடப் பிறந்ததுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சூட்டுக்கு ஈடு எதுவும் இல்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது. இருந்தும் ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று சொல்லி, கண் திறந்த கையோடு பையில் போட்டு விற்கிறார்கள். இரண்டுமே ரோமம் குட்டையான ஜாதி. அந்த வயதில் பனி தாங்காது. வாங்குகிறவர்கள் பல்லையாவது பார்த்து வாங்கலாம். பால் பல் முளைக்காத குட்டி தாயிடம் இருக்க வேண்டிய குட்டி.

கோமாரி தடுப்பூசிக்கு வைப்பது போல, மார்கழியிலும் தையிலும் இதற்கென்று கால்நடை மருந்தக வாசலில் ஒரு போர்டு வைத்தால் நன்றாக இருக்கும். துறையினர் கவனிப்பார்களா?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
வாடிப்பட்டி, மதுரை மாவட்டம்.