விற்றவரையும் கொஞ்சம் நினைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஹோண்டா கம்பெனியை ஆரம்பித்த சொய்ச்சிரோ ஹோண்டாவைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எஞ்சின், ரேஸ், கிரீஸ் படிந்த கை என்று எல்லாம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் அவருடைய கூட்டாளி டக்கேயோ ஃபுஜிசாவாவுக்கு ஒரே ஒரு வரிதான், அதுவும் ‘நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டார்’ என்று! முப்பது வருஷம் ஷோரூம் வாசலில் நின்று வண்டி விற்றவன் நான். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

ஃபுஜிசாவா 1910-ல் டோக்கியோவில் பிறந்தார். 1923 நிலநடுக்கத்தில் அப்பாவின் தொழில் படுத்துவிட்டது. படிப்பு முடிந்ததும் உறைகளில் முகவரி எழுதிக் கூலி வாங்கிப் பிழைத்திருக்கிறார். அப்புறம் ஒரு இரும்புச் சாமான் வியாபாரியிடம் விற்பனையாளர் வேலை. ஹோண்டாவைச் சந்தித்தது 1949 ஆகஸ்டில். நீ வண்டியைச் செய், பணத்தையும் விற்பனையையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் ஏற்பாடு. கையெழுத்துக்குப் பதிலாக அங்கே குத்தும் கம்பெனி முத்திரையையே ஹோண்டா இவர் கையில் கொடுத்துவிட்டார். கடைசி வரை தானாக அதைத் தொட்டதே இல்லையாம். நம் ஊரில் கூடப்பிறந்த அண்ணன் தம்பியே செக் புக்கைப் பூட்டி வைத்துக்கொள்வார்கள்.

1952-ல் சைக்கிளின் பின்சக்கரத்தில் மாட்டும் ஒரு குட்டி எஞ்சின் தயாரானது. வெள்ளை டேங்க், சிவப்பு எஞ்சின், பெயர் கப். விற்க டீலர்கள் வேண்டுமே? மோட்டார் சைக்கிள் கடைகள் கொஞ்சம்தான், அவையும் வேறு கம்பெனிகளின் கையில். ஃபுஜிசாவா சைக்கிள் கடைகளைப் பார்த்தார். ஜப்பான் முழுக்க ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்த அந்தக் கடைகளுக்குக் கடிதம் போட்டார். சாராம்சம் இவ்வளவுதான்: ‘அந்தக் காலத்தில் உங்கள் முன்னோர்கள் துணிந்து சைக்கிள் விற்க ஆரம்பித்தார்கள். அதனால்தான் இன்று உங்களுக்குக் கடை இருக்கிறது. இப்போது ஜனங்கள் எஞ்சின் வைத்த சைக்கிள் கேட்கிறார்கள். நாங்கள் செய்திருக்கிறோம். விருப்பமானால் பதில் போடுங்கள்.’

பதில் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது. அடுத்த கடிதத்தில் கணக்கைச் சொன்னார்: விற்பனை விலை 25,000 யென், உங்களுக்கு 19,000 யென், முன்பணம் கட்டினால் சரக்கு வரும். முகம் தெரியாத கம்பெனிக்கு யார் முன்பணம் கட்டுவார்? அதற்காக வங்கியையும் டீலர்களுக்குக் கடிதம் எழுத வைத்தார். கூலிக்கு முகவரி எழுதிய கை அல்லவா, ஒரு கடிதத்தை எப்படித் திறக்க வைப்பது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. (கலர் நோட்டீஸ் அடித்துவிட்டு, ஆள் வரவில்லையே என்று அலுத்துக்கொண்ட முதலாளிகளிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன்.)

1954-ல் கம்பெனி கிட்டத்தட்ட மூழ்கும் நிலைக்கு வந்தது. புதிய ஸ்கூட்டர் சூடேறி நின்றது, மற்ற வண்டிகள் மீதும் புகார். உதிரிபாகம் கொடுத்தவர்களிடம் ஃபுஜிசாவா நேரில் போய், இப்போதைக்கு ஒரு பகுதிதான் தர முடியும் என்று உள்ளதைச் சொன்னார். வருஷக் கடைசியில் போனஸ் தலைக்கு 5,000 யென்தான். அந்தக் காலத்திலேயே அது சொற்பம். தொழிலாளர்கள் கொதித்துப்போய்க் கூடியிருந்த இடத்துக்குத் தனியாகவே போய், இது குறைவு என்று எனக்கும் தெரியும், இதற்கு மேல் கொடுத்தால் கம்பெனி நிற்காது என்றார். கைதட்டல் எழுந்ததாம். விற்பனையாளனுக்குப் பொய்தான் மூலதனம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

1958-ல் வந்த சூப்பர் கப் என்ற சின்ன மோட்டார் சைக்கிள் ஹோண்டாவின் படைப்பு என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். கேட்டு வாங்கியவர் ஃபுஜிசாவா. சோபா என்கிற ஜப்பானிய நூடுல்ஸ் விற்கும் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்தியபடி மறு கையால் ஓட்ட வேண்டும், அப்படி ஒரு வண்டி கொடு என்றார். அதனால்தான் அதில் கையால் பிடிக்கும் க்ளட்ச் லிவர் கிடையாது. மாதிரியைப் பார்த்துவிட்டு முப்பதாயிரம் விற்கும் என்றபோது, வருஷத்துக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் சொன்னது மாதத்துக்கு! 2017-ல் அந்த வண்டியின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது.

1980-ல் டிவிஎஸ் 50 வந்த பிறகு எங்கள் திண்டுக்கல் பக்கம் பால்காரர்கள் அதை வாங்க வருவார்கள். மைலேஜ் எல்லாம் அப்புறம்தான். முதலில் பின்னால் போய் நின்று கேரியரை இரண்டு கையாலும் அழுத்திப் பார்ப்பார்கள், “ரெண்டு கேன் தாங்குமா தம்பி?” என்று. ஒருவர் வீட்டிலிருந்து கேனையே தூக்கிக்கொண்டு வந்து மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்தார். ஃபுஜிசாவாவின் நூடுல்ஸ் பையனைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது அந்தப் பால்காரர் முகம்தான் வந்தது. என்ன, நாங்கள் கேனைப் பார்த்து வண்டி விற்றோம். அவர் தட்டைப் பார்த்து வண்டி செய்யச் சொன்னார்.

1973-ல் ஓய்வு பெறப் போவதாக முதலில் சொன்னவர் ஃபுஜிசாவா. கேள்விப்பட்டதும் ஹோண்டா தானும் விலகினார். அப்போது இருவரும் பேசிக்கொண்டது ஜப்பானில் பிரபலம். “சுமாராக இருந்தது, இல்லையா?” என்றார் ஹோண்டா. “ஆமாம், சுமார்தான்” என்றார் இவர். அதற்குப் பிறகு கம்பெனி விவகாரங்களில் தலையிடாமல், கபுகி நாடகமும் இசையுமாக இருந்துவிட்டு 1988 டிசம்பர் 30 அன்று காலமானார்.

அடுத்த முறை ஹோண்டாவைப் பற்றி எழுதும்போது இவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முடியாவிட்டால் ஒரு படமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இருசக்கர வாகன விற்பனையாளர்,
திண்டுக்கல்