எச்சில் தட்டு

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு இரவு

மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல். ஆறு மாதமாக நான் எழுதவில்லை, உண்மைதான். நீ மட்டும் என்ன கிழித்தாய்? அந்தக் கணக்கை நேரில் தீர்ப்போம். இன்றைக்கு உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று நடந்துவிட்டது.

மெஸ் அக்கா மகள் நினைவிருக்கிறாளா? நம் கடைசி வருஷத்தில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் 'அ' போட்டுக்கொண்டிருப்பாள். நீ தினமும் பல்பத்தைப் பிடுங்கி அழவைப்பாய். 17 வருஷம் ஓடிவிட்டதடா. கருப்பூரில் இறுதியாண்டு படிக்கிறாள் இப்போது. போன வாரம் அக்கா போன் பண்ணி, "தம்பி, புள்ள ஏதோ டிரைவர் எழுதியிருக்குதாம். புதன்கிழமை காலேஜ்ல காட்டணுமாம். ஒருதரம் பாத்துருப்பா" என்றார்கள். அக்கா கேட்டு நாம் எதை மறுத்திருக்கிறோம்?

இன்று மூன்று மணிக்குச் சாப்பாட்டுக் கூட்டம் குறைந்ததும் போனேன். அதே மூலை மேஜை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு லேப்டாப்பை வைத்தாள். லினக்ஸில் ஒரு கேரக்டர் டிவைஸ் டிரைவர், அதாவது லினக்ஸின் உள்மையமான கெர்னலுக்குள் உட்கார்ந்து ஒரு கருவியை ஃபைல் மாதிரி படிக்கவும் எழுதவும் விடும் புரோகிராம். பின்னால் நிஜமான ஹார்டுவேர் எதுவும் கிடையாது. மெமரியில் 4096 பைட், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் டெவ் ஃபோல்டரில் ஒரு ஃபைல் மாதிரி நிற்கும். எக்கோ கமாண்டில் 'மல்கோவா' என்று எழுதினாள், படித்துக் காட்டும் கேட் கமாண்டைப் போட்டாள், 'மல்கோவா' என்று திரும்பி வந்தது. அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ! நமக்கு முதல் மாட்யூல் லோட் ஆன அன்றைக்கு லேப் அண்ணாவைத் தூக்கிச் சுற்றினோமே, அந்தச் சந்தோஷம்.

கோடு 200 வரிதான் இருக்கும். உனக்குத்தான் என் பழக்கம் தெரியுமே, டிரைவர் வெளியேறும்போது ஓடும் எக்ஸிட்டைப் படிக்காமல், உள்ளே வரும்போது ஓடும் இனிட் பக்கம் போகமாட்டேன். எடுத்ததை எல்லாம் எடுத்த வரிசைக்கு நேர் எதிராகத் திருப்பிக் கொடுத்திருக்கிறாளா என்று பார்த்தால் போதும், எழுதிய ஆளின் புத்தி பாதி தெரிந்துவிடும். சுத்தமாக இருந்தது. ஆனால் இனிட்டில், டிவைஸை கெர்னலில் பதிவு செய்யும் சிடெவ் ஆட் முடிந்த பிறகுதான், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் லாக்கைத் தயார் செய்திருந்தாள். சிடெவ் ஆட் முடிந்த நொடியே கடை திறந்தாயிற்று. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வரியை மேலே நகர்த்திவிட்டாள்.

அடுத்தது நீயும் நானும் செய்த அதே தப்பு. யூசர் புரோகிராமின் மெமரியிலிருந்து கெர்னலுக்கு எடுத்துவரும் காப்பி ஃப்ரம் யூசர், தோற்றால் திருப்பித் தருவது மைனஸ் எண் என்று நினைத்து, பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்திருந்தாள். அது தருவது காப்பி ஆகாமல் மீந்துபோன பைட்டுகளின் எண்ணிக்கை, மைனஸ் ஆகவே ஆகாது. அதனால் காப்பி தோற்றாலும் இவளுடைய டிரைவர் 'எழுதியாயிற்று' என்றே சொல்லும். 'நீயா எழுதியது?' என்று லேப் அண்ணா அன்றைக்குக் கேட்ட தொனி ஞாபகம் வந்தது. நான் அப்படிக் கேட்கவில்லை.

இனிமேல்தான் விஷயம். டிவைஸில் எழுதச் சொல்லும் முதல் ரைட் வரும்போதுதான் கேமலாக் போட்டு மெமரியில் இடம் வாங்குகிறாள். லாக்குக்கு வெளியே. இரண்டு பேர் ஒரே நேரத்தில் முதல் ரைட்டுக்கு வந்தால் இரண்டு பேருமே இடம் இல்லை என்று பார்த்து ஆளுக்கொன்று வாங்குவார்கள், ஒன்று அநாதையாகிவிடும். சரி, இதை லாக்குக்குள் போடலாம். ஆனால் என் கண் கேமலாக்கிலேயே நின்றுவிட்டது. வேண்டிய இடத்துக்குத் தாண்டிப் போக எல்சீக்கும் எழுதியிருக்கிறாளே! டிடி கமாண்டில் 3000 பைட் தாண்டிப் போய் 5 பைட் மட்டும் எழுதச் சொன்னேன். எழுதினாள். "இப்ப முதல்ல இருந்து படி" என்றேன்.

முதல் 3000 பைட்டில் அவள் எதையுமே எழுதவில்லை. பைட்டுகளை எண்ணாகவும் எழுத்தாகவும் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பின் வலது ஓரத்தில் புள்ளி புள்ளியாக ஓடியது. நடுவில் யாரோ பேசி விட்டுப்போன மாதிரி எழுத்துகள். ஏதோ ஒரு ஃபைல் பாதையின் வால் துண்டு, அதன் கீழே அரைகுறையாக இரண்டு சொல். கை அப்படியே நின்றுவிட்டது அவளுக்கு. "இது என்னோடது இல்ல மாமா" என்றாள்.

கேமலாக் இடத்தைத் தரும், துடைத்துத் தராது, இதே இடத்தை முன்னால் கெர்னலில் யாரோ வைத்திருந்தார்கள், அவர்கள் விட்டுப்போனது அப்படியே கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் திரும்பி, கழுவப் போட்டிருந்த தட்டு அடுக்கைப் பார்த்தாள். "எச்சில் தட்டுங்களா மாமா?"

அடுப்படியிலிருந்து அக்கா குரல்: "எவடி எச்சில் தட்டுல போட்டா?"

17 வருஷமாக இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! ஒரு தடவைகூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. கேமலாக்கை அழித்துவிட்டு கேஸலாக் என்று மாற்றினாள். கழுவின தட்டு. மறுபடி டிடி, மறுபடி ஹெக்ஸ்டம்ப். வரிசையாகப் பூஜ்யம்.

லாக்கில்தான் பிடிவாதம் பிடித்தாள். தூங்காமல் சுற்றிச் சுற்றியே காத்திருக்கும் ஸ்பின்லாக் வேகமானது என்று எங்கோ படித்திருக்கிறாள். காப்பி ஃப்ரம் யூசர் நடக்கும்போது யூசர் பக்கத்துப் பேஜ் மெமரியில் இல்லாமல் போகலாம், கொண்டுவரும் வரை தூங்க வேண்டியிருக்கும், ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது, இந்த இடத்துக்குத் தூங்க விடும் மியூடெக்ஸ் லாக்தான் என்று அரைமணி நேரம் வாதாடினோம். நான் சொன்னதற்காக ஒப்புக்கொள்ளவில்லை, தானே கெர்னல் டாக்குமென்டைத் திறந்து படித்துவிட்டுத்தான் மாற்றினாள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இதோடு நிறுத்தினால் சந்தோஷக் கடிதமாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், இறங்கவில்லை. போன வருஷம் ஆபீஸில் நான் ஓகே போட்ட ஒரு டிரைவர் ஞாபகம் வந்தது. டெஸ்ட் எல்லாம் பாஸ், சாயங்காலத்துக்குள் மூடவேண்டும் என்று மேலிருந்து அவசரம், பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டேன். இப்போது திறந்து படித்தேன். டிரைவருக்குத் தனிக் கட்டளை அனுப்பும் ஐஆக்டில் ஒன்றில், பல ஃபீல்டு சேர்ந்த ஒரு ஸ்ட்ரக்ட்டை நிரப்பி யூசருக்கு அனுப்புகிறோம். முதல் ஃபீல்டு ஒரு பைட், அடுத்தது நான்கு பைட் எண். இரண்டுக்கும் நடுவில் கம்பைலர் விடும் 3 பைட்டை யாருமே நிரப்பவில்லை, மொத்தமாகத் துடைக்கும் மெம்செட்டும் இல்லை. கெர்னலின் தற்காலிக மெமரியான ஸ்டாக்கில் கிடந்தது என்னவோ, ஒவ்வொரு முறையும் 3 பைட்டாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. எச்சில் தட்டு, மாப்ளே. என் கையெழுத்தோடு.

எங்கள் ஆபீஸில் ஒரு நாளைக்கு எத்தனை ரிவ்யூ மூடினாய் என்றுதான் கேட்கிறார்கள். என்ன படித்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. டெஸ்ட் எழுதியவன் நினைத்துப் பார்த்ததைத்தான் டெஸ்ட் பார்க்கும். அவன் நினைக்காததைப் பார்க்கத்தானே இன்னொரு ஆள் உட்கார்ந்து படிப்பது? அந்த ஆள் நான். படிக்கவில்லை. நாளைக் காலையில் மேனேஜரிடம் நானே சொல்லப்போகிறேன், தப்பைத் திருத்தும் பேட்ச்சும் தயார். திட்டு விழும், விழட்டும். இனிமேல் அரை நாள் தராமல் டிரைவர் எதற்கும் ஓகே போடமாட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். நீ என்ன நினைக்கிறாய்? ஒளிக்காமல் எழுது.

இன்னொரு உதவி. ஆபீஸ் கோடு எதையும் உனக்கு அனுப்ப முடியாது. அவளுடையதை அனுப்பலாம், கேட்டுவிட்டேன். புதன்கிழமைக்குள் ஒருதரம் படித்துவிடு. நான் இரண்டு தடவை படித்துவிட்டேன், என் கண்ணுக்கு இனி எதுவும் படாது. உன் கண் வேறு. செமிகோலன் ராத்திரியை நான் மறக்கவில்லை.

சனிக்கிழமை வண்டி ஏறி வந்துவிடேன். ஞாயிறு விடிகாலை ஏற்காடு ஏறலாம். 20 கொண்டை ஊசி வளைவையும் நானே ஓட்டுகிறேன், நீ முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வா. இறங்கி வந்ததும் தட்டுவடை செட், அப்புறம் அக்கா மெஸ்ஸில் சாப்பாடு.

வரும்போது ஒரு பெட்டி பல்பம் வாங்கி வா. அவள் இன்னும் மறக்கவில்லை.

உன்
பங்காளி